வாடகை இடமும் ஈட்டிய இடமும்
தேடுபொறி விளம்பரமும் தேடுபொறி உகப்பாக்கமும் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

கடைக்கு இடம் பார்ப்பதே வணிகத்தின் முதல் வேலை என்பர் நம் பெரியோர். பேருந்து நிலையத்திற்கு எதிரில் அமைந்த கடைக்கும் சந்துக்குள் அமைந்த கடைக்கும் வாடகை வேறு. வரும் கூட்டமும் வேறு. இன்று மக்கள் ஒரு பொருளைத் தேடி முதலில் நுழையும் கடைத்தெரு கைப்பேசித் திரையாகிவிட்டது. அங்கும் முன்வரிசை இடமும் பின்வரிசை இடமும் உள்ளன. அவ்விடங்கள் எவ்வாறு வழங்கப்படுகின்றன என்பதை அறியாமலே பலர் பொருளிழக்கின்றனர்.

எம் துறையில் பயின்ற மாணவர் ஒருவர், தந்தையார் நடத்திவந்த பத்தமடைப் பாய் வணிகத்தை ஏற்று நடத்திவருகிறார். இணையத் தேடலில் முதலிடம் பெற்றுத் தருவதாக ஒருவர் கூறிய சொல்லை நம்பி, மூன்று மாதங்களுக்கு அறுபதாயிரம் ரூபாய் கொடுத்தார். சொன்னபடியே அவருடைய கடைப் பெயர் திரையின் உச்சியில் தோன்றியது. நான்காம் மாதம் பணம் கட்டவில்லை. அன்றே பெயர் மறைந்தது. "நான் வாங்கியது என்ன, ஐயா?" என்று அவர் எம்மிடம் கேட்டார். அவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

தேடுபொறியின் இரு பகுதிகள்

தேடுபொறி தரும் பக்கத்தில் இருவகை முடிவுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று, விளம்பரதாரர் கட்டணம் செலுத்திப் பெறும் இடம். இதனைக் கட்டணத் தேடல் விளம்பரம் என்கிறோம். மற்றொன்று, தேடுபொறி தன் கணிப்பின்படி பொருத்தமானவை எனக் கருதி வரிசைப்படுத்தும் இயல்பு முடிவுகள். இவ்வியல்பு முடிவுகளில் உயர்ந்த இடம் பெறுமாறு ஓர் இணையதளத்தைச் செம்மை செய்யும் பணியே தேடுபொறி உகப்பாக்கம். பேச்சு வழக்கில் இதனை எஸ்.இ.ஓ. என்பர்.

இரண்டும் ஒரே பக்கத்தில் தோன்றினும், இவற்றைத் தீர்மானிக்கும் முறைகள் வேறு. விளம்பரத்திற்குச் செலுத்தும் பணம் இயல்பு முடிவுகளின் வரிசையை உயர்த்தாது என்பது கூகுள் நிறுவனத்தின் நிலைப்பாடு. நம் மாணவர் கட்டிய அறுபதாயிரம் ரூபாயால் இயல்பு வரிசையில் அவர் ஒரு படியும் ஏறாமற் போனதன் காரணம் இதுவே.

கட்டண விளம்பரத்தின் தோற்றம்

அமெரிக்க நாட்டில் பில் கிராஸ் என்பவர் 1998ஆம் ஆண்டில் 'கோடூ' என்னும் தேடுபொறியில் ஒரு புது முறையைக் கொணர்ந்தார். ஒரு சொல்லைத் தேடுவோரின் முன் தோன்ற விரும்பும் வணிகர்கள் அச்சொல்லுக்கு ஏலம் கேட்கலாம். தேடுபவர் விளம்பரத்தைச் சொடுக்கினால் மட்டுமே கட்டணம். பின்னர் 'ஓவர்ச்சர்' எனப் பெயர் மாறிய இந்நிறுவனத்தை 2003ஆம் ஆண்டில் யாகூ விலைக்கு வாங்கியது.

அதே 1998ஆம் ஆண்டில் லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் கூகுளை நிறுவினர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்தபோது அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விளம்பர வருவாயை நம்பி இயங்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும். தேடுவோரின் தேவையை விட்டு விலகும் என்ற கருத்து இடம்பெற்றுள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. ஆயினும் 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்களே 'ஆட்வேர்ட்ஸ்' என்னும் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கினர். 2002ஆம் ஆண்டில் அது சொடுக்குக்குக் கட்டணம் என்னும் ஏல முறைக்கு மாறியது. 2018ஆம் ஆண்டு முதல் 'கூகுள் ஆட்ஸ்' என வழங்குகிறது.

ஏலம் நடைபெறும் முறை

அதிகப் பணம் கேட்பவருக்கே முதலிடம் என்று பலர் எண்ணுகின்றனர். கூகுள் ஏலத்தில் அவ்வாறில்லை. கேட்கும் தொகையோடு விளம்பரத்தின் தரமும் கணக்கிடப்படுகிறது. தேடிய சொல்லுக்கு விளம்பரம் பொருந்துகிறதா, மக்கள் அதனைச் சொடுக்கக்கூடுமா, சொடுக்கியபின் சென்றடையும் பக்கம் பயனுடையதா என்பன தரத்தின் கூறுகள்.

எளிமை கருதி ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். முதல் வணிகர் ஒரு சொடுக்குக்கு 20 ரூபாய் கேட்கிறார். அவருடைய தரம் 4. பெருக்கினால் 80. இரண்டாம் வணிகர் கேட்பது 12 ரூபாயே. ஆனால் தரம் 8. பெருக்கினால் 96. ஆகவே குறைவாகக் கேட்ட இரண்டாமவரே முதலிடம் பெறுவார். அவர் செலுத்த வேண்டியதும் 12 ரூபாய் அன்று. தம் இடத்தைத் தக்கவைக்கப் போதுமான தொகையே. 80ஐ 8ஆல் வகுத்தால் 10. அதற்குச் சிறிது கூடுதலாகச் செலுத்தினால் போதும். நடைமுறையில் தேடும் இடம், நேரம், கருவி முதலியனவும் கணக்கில் சேரும். எனினும் அடிப்படை இதுவே. பக்கத்தின் தரம் விளம்பரச் செலவையும் குறைக்கிறது என்பது இதனால் பெறப்படுகிறது.

உகப்பாக்கத்தின் இயல்பு

இயல்பு முடிவுகளுக்கு மூன்று நிலைகள் உண்டு. தேடுபொறியின் நிரல்கள் இணைப்புகள் வழியே பக்கம் பக்கமாகச் சென்று படிக்கின்றன, படித்தவற்றை அட்டவணைப்படுத்துகின்றன, தேடல் வந்ததும் அவ்வட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை வரிசைப்படுத்துகின்றன. நூலகர் நூல்களைப் பெற்று, பட்டியலிட்டு, கேட்பவர்க்கு எடுத்துத் தருவதோடு இதனை ஒப்பிடலாம்.

கூகுளின் தொடக்கக் கருத்து, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்துணை சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளப்பதாகும். சுட்டும் பக்கம் மதிப்புடையதாயின் அச்சுட்டுதலுக்கும் மதிப்பு மிகும். ஆய்வு நூல்களில் அறிஞர் பலர் மேற்கோள் காட்டும் நூல் சிறந்ததாகக் கருதப்படும் மரபை ஒத்தது இது. இன்று நூற்றுக்கணக்கான கூறுகள் சேர்ந்துள்ளபோதும், அடிப்படை மாறவில்லை எனலாம்.

உகப்பாக்கம் செய்பவரின் பணி மந்திரம் அன்று. ஒவ்வொரு பக்கத்திற்கும் தெளிவான தலைப்பு, தேடுவோர் கேட்கும் வினாவிற்கு நேரான விடை, கைப்பேசியில் விரைவாகத் திறக்கும் அமைப்பு, பக்கங்களிடையே ஒழுங்கான இணைப்பு, பிறர் தாமாகச் சுட்டத்தக்க பயனுள்ள செய்தி ஆகியவையே அதன் உறுப்புகள். இவற்றின் பயன் தெரிய நான்கு மாதங்கள் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்பது கூகுள் தரும் அறிவுரை. நெல் விதைத்தவர் மறுநாள் களம் பெருக்கிக் காத்திருப்பதில்லை.

இரண்டின் ஒப்பீடு

காலத்தால் நோக்கின், விளம்பரம் அன்றே பயன் தருவது. உகப்பாக்கம் மெல்லப் பயன் தருவது. நோன்புப் பெருநாளுக்கு இருபது நாள்கள் இருக்கையில் புதிதாகக் கடை திறப்பவர் உகப்பாக்கத்தை மட்டும் நம்பினால் பெருநாள் கடந்துவிடும்.

நிலைபேற்றால் நோக்கின், விளம்பரம் பணம் உள்ளவரையே நிற்கும். உகப்பாக்கத்தால் பெற்ற இடம் பணம் நின்றபின்னும் தொடரலாம். ஆனால் அதுவும் பட்டா நிலம் அன்று. போட்டியாளர் முந்தினாலோ, தேடுபொறி தன் விதியை மாற்றினாலோ அவ்விடம் போகும்.

செலவால் நோக்கின், இயல்பு இடம் இலவசம் என்பது பிழையான எண்ணம். எழுதுபவரின் உழைப்பும் தளத்தை அமைப்பவரின் கூலியும் செலவே. விளம்பரத்தில் ஒவ்வொரு வருகைக்கும் விலை உண்டு. உகப்பாக்கத்தில் முதலில் செலவு மிகும், பின்னர் வருகை பெருகப் பெருக ஒரு வருகைக்கான செலவு குறையும்.

கணக்கால் நோக்கின், விளம்பரமே தெளிவானது. ஒரு சொடுக்குக்கு 10 ரூபாய் எனக் கொள்வோம். நூறு பேர் வந்தால் செலவு 1,000 ரூபாய். அவர்களுள் இருவர் பாய் வாங்கினால், ஒரு விற்பனைக்கு ஆன விளம்பரச் செலவு 500 ரூபாய். ஒரு பாயில் கிடைக்கும் இலாபம் 400 ரூபாய் என்றால், விற்க விற்க நட்டமே. அதே பக்கத்தைத் திருத்தி, படமும் அளவும் விலையும் தெளிவாகக் காட்டி, நூற்றில் நால்வர் வாங்குமாறு செய்தால் செலவு 250 ரூபாயாகக் குறையும். பாய் ஒன்றுக்கு 150 ரூபாய் எஞ்சும். நம் மாணவரிடம் இக்கணக்கை எவரும் போட்டுக் காட்டவில்லை. எத்தனை பேர் வந்தனர் என்று மட்டுமே கூறினர்; எத்தனை பேர் வாங்கினர் என்று கூறவில்லை.

ஒரு பெருநிறுவனத்தின் சோதனை

விளம்பரம் யாருக்குப் பயன்படும் என்பதை ஆராய்ந்த சோதனைகளுள் குறிப்பிடத்தக்கது இபே நிறுவனம் 2012ஆம் ஆண்டில் நடத்தியதாகும். தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் ஆகியோர் இதன் முடிவுகளை 2015ஆம் ஆண்டில் 'எக்கனோமெட்ரிகா' ஆய்விதழில் வெளியிட்டனர்.

இபே என்னும் பெயரையே தட்டச்சு செய்து தேடுவோருக்கும் அந்நிறுவனம் விளம்பரம் காட்டிவந்தது. சில தேடுபொறிகளில் அவ்விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தனர். விளம்பரம் வழியே வந்திருக்கக்கூடியவர்களுள் 99.5 விழுக்காட்டினர், கீழே இருந்த இயல்பு முடிவைச் சொடுக்கி அதே தளத்திற்கு வந்துவிட்டனர். தன் வீட்டிற்கு வரும் உறவினருக்கு வழிகாட்ட ஆளமர்த்திக் கூலி கொடுத்ததைப் போன்றது அச்செலவு.

அடுத்து, பொதுவான பொருட்பெயர்களுக்குக் காட்டிய விளம்பரங்களை நாட்டின் சில வட்டாரங்களில் மட்டும் நிறுத்தினர். வழக்கமாக வாங்குவோரிடம் மாற்றமில்லை. புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குவோரிடமும் மட்டுமே விளம்பரம் பயன் தந்திருந்தது. செலவின் பெரும்பகுதியோ, எவ்வாறாயினும் வந்திருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளர்களுக்கே போயிருந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. விளம்பரம் அறிமுகம் செய்வது. அறிந்தவருக்கு மீண்டும் அறிமுகம் தேவையில்லை. ஊரறிந்த பெருநிறுவனத்திற்கு வீணான செலவு, எவரும் அறியாச் சிறு வணிகருக்குப் பயனுடையதாகலாம். ஒரே மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது.

பெயரும் சொல்லும்: நீதிமன்றங்களின் நோக்கு

ஒருவர் பெயரைத் தேடும்போது அவருடைய போட்டியாளரின் விளம்பரம் தோன்றலாமா? இவ்வினா நம் சென்னை உயர் நீதிமன்றத்திற்கே வந்தது. பாரத் மேட்ரிமோனி தளத்தை நடத்திய சென்னை நிறுவனம், தன் பெயர்ச்சொற்களைப் போட்டியாளர்கள் விளம்பரத் திறவுச்சொற்களாகக் கொள்வதை எதிர்த்து, அவர்கள் மீதும் கூகுள் மீதும் வழக்குத் தொடுத்தது. 2010ஆம் ஆண்டு செப்டம்பரில் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை பொருளை விளக்கும் பொதுச்சொற்கள்; அவற்றை ஒருவர் மட்டும் தமதாக்கிக்கொள்ள இயலாது என்னும் கருத்து அதில் முதன்மை பெற்றது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில், பிறர் வணிகக்குறியைத் திறவுச்சொல்லாகக் கொள்வது மட்டுமே குற்றமாகாது. மக்களைக் குழப்பினால் பொறுப்பேற்க வேண்டும் எனக் கூறியது.

பெயர் சூட்டுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். பொதுச்சொற்களால் ஆன பெயர் தேடலில் எளிதில் அகப்படும். ஆனால் அதற்கு வேலியிட முடியாது. தனித்த பெயர் காக்கத்தக்கது. ஆனால் அதனை மக்கள் மனத்தில் பதிக்கக் காலம் பிடிக்கும்.

குறுக்கு வழியின் முடிவு

உகப்பாக்கம் என்னும் பெயரால் ஏமாற்று வேலைகளும் நிகழ்கின்றன. தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் மக்களுக்கு வேறொரு பக்கத்தையும் காட்டுவது, விலைக்கு இணைப்புகளை வாங்கிக் குவிப்பது, ஒரே சொல்லைப் பக்கம் முழுதும் நிரப்புவது ஆகியன அவற்றுட் சில. 2006ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் செர்மானியத் தளம் இத்தகைய காரணத்தால் கூகுள் முடிவுகளினின்றும் சில காலம் நீக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி நிறுவனத்திற்காகப் பல தளங்களில் வாங்கப்பட்ட இணைப்புகளை 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் வெளிப்படுத்த, அதன் இடங்கள் சரிந்தன. அதே ஆண்டில் 'பாண்டா', 2012ஆம் ஆண்டில் 'பென்குயின்' என்னும் மாற்றங்களைக் கூகுள் செய்து, தரமற்ற பக்கங்களையும் செயற்கை இணைப்புகளையும் பின்தள்ளியது. பெருநிறுவனங்கள் வீழ்ந்து எழுந்தன. சிறு வணிகர் வீழ்ந்தால் எழுவது அரிது. இயல்பு முடிவுகளில் முதலிடம் உறுதி என்று எவரேனும் கூறினால், அவ்வுறுதியை அளிக்க எவராலும் இயலாது என்பதை உணர்தல் வேண்டும்.

தேடுவோர் அறிய வேண்டுவன

விற்பவர்க்கு மட்டுமன்றித் தேடுபவர்க்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. மருத்துவம், கடன், மேற்படிப்பு ஆகியவற்றைத் தேடும் ஒருவர், உச்சியில் உள்ளதே சிறந்தது எனக் கொண்டால் இடர்ப்பட நேரும். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2002ஆம் ஆண்டிலும் மீண்டும் 2013ஆம் ஆண்டிலும், கட்டண முடிவுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுமாறு தேடுபொறி நிறுவனங்களுக்கு எழுதியது. ஒரு காலத்தில் விளம்பரங்களுக்குப் பின்னணி நிறம் இருந்தது; பின்னர் அது நீங்கிச் சிறு அடையாளம் மட்டும் எஞ்சியது. 2022ஆம் ஆண்டு முதல் கூகுளில் 'ஸ்பான்சர்டு' என்னும் சொல் அவ்விடத்தைப் பெற்றது. அச்சிறு சொல்லைக் கண்டறியும் பழக்கத்தை வீட்டிலுள்ள முதியோர்க்கும் இளையோர்க்கும் நாம் கற்பிக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு முதல் செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடையும் பல தேடல்களில் மேலே தோன்றுகிறது. அதனையும் மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டே கொள்ளுதல் நன்று.

தமிழ்த் துறைக்கு இதில் என்ன பணி?

தேடல் என்பது சொல்லால் நிகழ்வது. ஆகவே இது மொழி பற்றிய செய்தியும் ஆகும். விற்பவர் 'கைவினைக் கோரைத் தரைவிரிப்பு' என்று எழுதுகிறார். வாங்குபவரோ 'கல்யாணப் பாய் விலை' என்று தேடுகிறார். இருவர் சொல்லும் சந்திக்காதபோது விற்பனை நிகழ்வதில்லை. தமிழில் வேற்றுமை உருபும் சந்தியும் சேர்ந்து ஒரு சொல் பல வடிவம் கொள்கிறது; எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபடுகின்றன; தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வோரும் பலர். மக்கள் எச்சொல்லால் தேடுவர் என்பதை உணரும் ஆற்றல், மொழியைக் கற்றவர்க்கே சிறப்பாக வாய்க்கும்.

நம் மாணவரின் தளத்தில் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் நான்கு படங்களும் மட்டுமே இருந்தன. தாமிரபரணிக் கரையின் கோரையைப் பற்றியோ, மணமக்கள் பெயரை நெய்து தரும் வழக்கம் பற்றியோ, புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் என்பது பற்றியோ, மெல்லிய பாய்க்கும் சாதாரணப் பாய்க்கும் விலை ஏன் வேறுபடுகிறது என்பது பற்றியோ ஒரு வரியும் இல்லை. அவர் அனைத்தையும் அறிந்தவர், எழுதத்தான் இல்லை. வாடகைக்குப் பெற்ற உச்சியிடத்தின் வழியே வந்தவர்கள் வெறும் அறையைக் கண்டு திரும்பினர்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், கட்டண விளம்பரமும் உகப்பாக்கமும் பகைகள் அல்ல என்பது விளங்கும். புதியவருக்கும், பருவ கால விற்பனைக்கும், எச்சொல் பயன்தரும் எனச் சோதித்தறிவதற்கும் விளம்பரம் ஏற்றது. நீண்டகால மதிப்பிற்கும் நம்பிக்கைக்கும் உகப்பாக்கமே அடிப்படை. இரண்டிற்கும் வேர் ஒன்றே: வந்தவருக்குப் பயன்படும் நல்ல பக்கம். அது விளம்பரத்தின் விலையைக் குறைக்கிறது; இயல்பு வரிசையை உயர்த்துகிறது; வந்தவரை வாங்குபவராக்குகிறது.

"தம்பி, நீ இடத்தை வாங்கவில்லை, மூன்று மாதம் வாடகைக்கு எடுத்தாய். வாடகைக்கு எடுத்தது தவறன்று; கடையில் சரக்கை அடுக்காமல் எடுத்ததே தவறு" என்று அம்மாணவரிடம் கூறினோம். இப்போது அவர் வாரம் ஒரு பக்கம் எழுதுகிறார். தந்தையார் அருகிலிருந்து சொல்லித் தருகிறார். எழுதியவற்றை எம் இரண்டாமாண்டு மாணவர் இருவர் பிழைதிருத்தித் தருகின்றனர். விளம்பரத்திற்குச் சிறு தொகையை மட்டும், பெருநாள்களையும் திருமண மாதங்களையும் ஒட்டி ஒதுக்கியுள்ளார். பயன் எவ்வளவு என்பதைக் காலம் காட்டும்.

நம் ஊர்களில் இத்தகைய கைத்தொழில்களும் குடும்ப வணிகங்களும் பலவுண்டு. அவற்றைப் பற்றித் தெளிந்த தமிழில் எழுதித் தரும் பணி தமிழ் பயிலும் மாணவர்க்கு உரியது. அதற்குரிய ஊதியத்தை மனமுவந்து அளிப்பது வணிகப் பெரியோர்க்கு உரியது. இரு சாராரும் கைகோத்தால், விலைகொடுத்து நிற்கும் இடத்தோடு உழைத்து ஈட்டிய இடமும் நம் மக்களுக்குக் கிட்டும்.